கொம்புக்கு இடம்

"கொக்கு" என்று எழுதச் சொன்னேன். விடிந்தாலும் பொழுதுபட்டாலும் களப்பில் கொக்கு நிற்பதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள். படம் தேவையில்லை, யன்னலைக் காட்டினால் போதும். முன்வாங்கில் இருந்தவன் கொப்பியின் ஓரக் கோட்டை ஒட்டினாற்போல் 'க' போட்டான். ஒலியை வாய்க்குள் இழுத்துச் சொல்லிக்கொண்டே அதற்குப் பின்னால் காலையும் போட்டான். பிறகு பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"டீச்சர், கொம்புக்கு இடமில்ல."

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. 'கொ' என்னும்போது காதில் முதலில் விழுவது ககரம். ஒகரம் அதற்குப் பின்னால்தான் வருகிறது. எழுத்திலோ பின்னால் வந்த உயிர் இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு மெய்க்கு முன்னாலும் மற்றத் துண்டு பின்னாலும் போய் நிற்கிறது. கேட்ட ஒழுங்கில் எழுதுகிற பிள்ளை கொம்புக்கு எப்படி இடம் விடுவான்? வளர்ந்தவர்கள் இந்த ஏற்பாட்டை எந்த நாளில் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை. அடி விழுந்த நாளாக இருக்கும்.

கடைசியில் அவன் ஓரக் கோட்டுக்கு வெளியே கொம்பைப் போட்டு எழுத்தை முடித்தான். ஓரத்தில் எழுதக் கூடாது என்று முந்திய கிழமைதான் நான் வகுப்புக்குச் சொல்லியிருந்தேன். சரி போட்டுக் கொடுத்தேன்.

2008 ஜனவரியில் நான் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைப் பக்கம் மாற்றலாகி வந்தேன். பள்ளிக்கூடத்தின் பெயர் இங்கே வேண்டாம். மாங்கேணி கடந்து, பனிச்சங்கேணிப் பாலமும் கடந்தால், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாகக் கிடக்கிற மணல் துண்டில் உள்ள பள்ளிக்கூடங்களில் அதுவும் ஒன்று. கோறளைப்பற்று வடக்குப் பிரதேச செயலகம், கல்குடா கல்வி வலயம். பாடசாலைப் பட்டியலில் 'அதிகஷ்டப் பிரதேசம்' என்று போட்டிருந்தார்கள். அது பஸ் கிடைக்காததைப் பற்றிய சொல் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்த மாதத்திலேயே கால்கோள் விழா. தரம் 1இல் சேரும் பிள்ளைகளுக்கு எங்கள் நாட்டில் அந்தப் பெயரில்தான் வரவேற்பு நடக்கிறது. ஜனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. சிலப்பதிகாரத்தில் கால்கோள் என்றால் கண்ணகிக்குச் சிலை செய்ய இமயத்திலிருந்து கல் எடுத்த கதை. வைகாசி வந்தால் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கிற மாவட்டத்தில், அந்தச் சொல்லை ஐந்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாலையாகப் போடுகிறோம். பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதார்கள். தலையில் வைத்த கடதாசிக் கிரீடம் கண்ணை மறைத்ததும் ஒரு காரணம்.

பென்சில் கொடுத்த முதல் நாளை எழுதிவைக்க வேண்டும். ஒருவன் அதைத் துடுப்புப் பிடிப்பதுபோல் முழுக் கையாலும் பிடித்தான். இன்னொருத்தி அலவாங்குபோல் நட்டுக்குத்தாகப் பிடித்து அழுத்தினாள். கொப்பியின் நான்கு தாளும் ஒரே எழுத்தைக் கற்றுக்கொண்டன. கட்டர் கையில் கிடைத்தவன் இடைவேளைக்குள் பென்சிலைப் பெருவிரல் அளவுக்குச் சீவி முடித்துவிட்டான், கூர் போதவில்லையாம். அழிறப்பரால் அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுத்தியவள், அந்த ஓட்டையினூடே அடுத்த பக்கத்தில் எழுத்தைச் சரியாக எழுதிக் காட்டினாள். 'இ' எழுதச் சொன்னால் பாதிப் பேர் இடியப்பம் பிழிந்து வைத்தார்கள். உள்ளே சுற்றத் தொடங்கிய கோட்டை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நிறுத்துவதைச் சொல்லிக் கொடுப்பது தொடங்குவதைச் சொல்லிக் கொடுப்பதைவிடக் கஷ்டம்.

துடுப்புப் பிடித்தவனை ஒரு சனிக்கிழமை களப்போரம் கண்டேன். தகப்பன் கொண்டுவந்து போட்ட வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தான். வலைக்கண்ணில் சிக்கிக் காலை உதறுகிற நண்டை, அதன் பெரிய கால் தன் விரலில் படாமல், நூலும் அறாமல், ஒவ்வொரு கண்ணாகப் பின்னுக்குத் தள்ளி எடுக்க வேண்டும். நான் முயன்றால் எனக்குக் கையும் வலைக்காரனுக்கு வலையும் மிஞ்சாது. அவனோ என்னோடு பேசிக்கொண்டே கழற்றினான். திங்கட்கிழமை அதே விரல்கள் 'ட' எழுத மறுத்தன. 'ட' என்பது ஒரு நேர்கோடும் ஒரு படுகோடும்தான். அதனால்தான் எளிய எழுத்து என்று அதில் தொடங்குகிறோம்.

அவனுடைய கையில் குறை இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்தது. நண்டு கழற்றுவதற்கு ஒரு காரணம் இருந்தது. 'ட' எழுதுவதற்கு ஒரு காரணத்தை நான் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லவும் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

கையைப் பற்றி வைத்தியர்கள் சொல்வதையும் சேர்த்துப் பார்க்கலாம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள். பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். முதல் வருடத்தில் இரண்டு தெரியத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, கடைசி எலும்பு தெரிவதற்கு ஒன்பது பத்து வயது, அதற்கு மேலும் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் கட்டி முடியாத வீடு. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடமே தொடங்குகிறது. எங்கள் பக்கத்தில் மூன்று வயதில் விஜயதசமிக்கு ஏடு தொடக்கி, மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். அதில் பிழை காண மாட்டேன். அன்றைக்கு எழுதுகிற கை ஐயருடையது. பிள்ளை அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் விரல் மட்டும். அரிசியும் பிழை பார்ப்பதில்லை. வினை அடுத்த நாள்தான் தொடங்குகிறது. அரிசியில் எழுதிய பிள்ளை கொப்பியில் ஏன் எழுதவில்லை என்று வீடு கேட்கிறது.

முன்பள்ளி என்பது விளையாடவும் பாடவும் கதை கேட்கவும்தான் என்று ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறார்கள். சொற்பக் கொடுப்பனவுக்கு வேலை செய்கிற முன்பள்ளி ஆசிரியைக்கும் அது தெரியும். ஆனால் எந்த முன்பள்ளியில் மூன்று வயதிலேயே கொப்பி நிறைகிறதோ அந்த முன்பள்ளிதான் ஊரில் நல்ல முன்பள்ளி. கொப்பியைத் தட்டிப் பார்க்கலாம். கதை கேட்ட பிள்ளையைத் தட்டிப் பார்க்க முடியாது. இந்த அவசரம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஓடுகிற ஓட்டத்தின் முதல் அடி. பத்து வயதில் வைக்கிற அந்தப் பரீட்சையின் நிழல் பின்னோக்கி நீண்டு மூன்று வயதில் விழுகிறது.

"டீச்சர், இவன் ஒரு கோடும் எழுதுறான் இல்ல. ரெண்டு அடி போட்டெண்டாலும் எழுத வைங்க" என்று தாய்மார் வந்து நிற்பார்கள். நான் எலும்புக் கதையைச் சொல்வேன். மரியாதையாகக் கேட்பார்கள். கடைசியில், "அப்ப எப்ப டீச்சர் எழுதுவான்?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பிறகு வருவேன்.

பிள்ளைகளின் பிழைகளை ஒரு தனிக் கொப்பியில் குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. திருத்துவதற்காகத் தொடங்கியது, போகப் போக அது வேறொன்றாக மாறிவிட்டது.

'அம்மா' என்பதை 'அமமா' என்று எழுதிய பிள்ளைகள்தான் அதில் மிகுதி. புள்ளி எங்கே என்று கேட்டபோது ஒருத்தி, "வீட்ட போய் வைக்கிறன் டீச்சர்" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகு நினைவுக்கு வந்தது: பனையோலையில் எழுதியவர்களும் புள்ளியை வீட்டுக்குப் போய் வைக்கலாம் என்றுதான் விட்டிருந்தார்கள். எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாமலே நூற்றாண்டுக்கணக்காக எழுதினார்கள். மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் விதித்திருந்தும்.

'பால்' என்பதை 'பரல்' என்று எழுதிய பையன் ஒருவன். காலுக்கும் ரகரத்துக்கும் கீழே உள்ள சிறு சாய்வுதான் வித்தியாசம். அவன் கண்ணுக்கு அது படவில்லை. ஓலையிலும் அது படவில்லை. ஏட்டில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

'கேணி' என்பதைக் 'கெணி' என்று எழுதுவது இங்கே ஊர்வழக்கம் என்றே சொல்லலாம். பனிச்சங்கேணி, மாங்கேணி, காயங்கேணி, புச்சாக்கேணி என்று ஊருக்கு ஊர் கேணி உள்ள இடத்தில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் தெரியாமல் பிள்ளை தன் விலாசத்தையே எழுத முடியாது. ஆனால் இந்த இரட்டைக் கொம்புக்கு வயது முந்நூறுதான். எகர ஏகாரங்களைக் கொம்பால் பிரித்துக் காட்டியவர் 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து 1747இல் இறந்த பாதிரியார் வீரமாமுனிவர். அதற்கு முன்னால் குற்றெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி, ஓலையில் அதுவும் இல்லை என்பது நடைமுறை. ஆக, கேணியைக் கெணி என்று எழுதிய பிள்ளை முந்நூறு ஆண்டு பிந்தி வந்திருக்கிறான், அவ்வளவுதான். வாகரைக்கு வருகிற பஸ்ஸைப் பார்க்க அது பெரிய தாமதம் இல்லை.

புள்ளியும் இல்லாமல், காலும் ரகரமும் தெரியாமல், குறிலும் நெடிலும் பிரியாமல் எழுதப்பட்ட அந்த ஏடுகளோடு மல்லுக்கட்டித்தான் உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். எழுதியவர்களின் ஏட்டில் யாரும் சிவப்பு மையால் வட்டம் போடவில்லை. படித்தவருக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் கொடுத்தார்கள். என் வகுப்பிலோ எழுதியவனுக்கு வட்டம். படித்துப் பொருள் கண்ட எனக்குப் பட்டம் ஒன்றும் இல்லை.

எல்லாப் பிழைக்கும் இப்படி முன்னோர் கிடைக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நகரமும் னகரமும் எங்கள் பேச்சில் ஒரே சத்தம். "ஒரே சத்தத்துக்கு ஏன் டீச்சர் ரெண்டு எழுத்து?" என்று கேட்ட பிள்ளைக்கு, சொல்லின் முதலில் வந்தால் 'ந', மற்ற இடத்தில் பெரும்பாலும் 'ன' என்ற சூத்திரத்தைச் சொன்னேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்தது. கமில் சுவெலபில் என்ற செக் நாட்டு அறிஞர் மட்டக்களப்புப் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கிய வழக்காகக் குறித்தார். எங்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் வீட்டில் 'புள்ள', 'இஞ்ச', 'மறுகா' என்று பேசிவிட்டு வந்து, புத்தகத்தில் 'பிள்ளை', 'இங்கே', 'பிறகு' என்று எழுத வேண்டிய ஆறு வயதுக்காரிக்கு அந்த நெருக்கம் போதவில்லை. அவள் எழுதக் கற்பதோடு இன்னொரு பேச்சையும் கற்கிறாள். அதை நாங்கள் ஒரே பாடமாகக் கணக்கு வைக்கிறோம்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று பயமுறுத்துவதும் வேண்டாத வேலை. ஙகர வரிசையில் பிள்ளைக்குத் தேவைப்படுவது 'ங்' ஒன்றுதான். மிச்சத்தில் பெரும்பாலானவை எந்தச் சொல்லிலும் வராமல் சுவரில் தொங்கும் அட்டவணையில் மட்டும் குடியிருக்கின்றன. ஆய்த எழுத்துக்கு எஃகு என்று எல்லாரும் சொல்லிக் கொடுப்பார்கள். எஃகு என்னவென்று என் வகுப்பில் ஒருவருக்கும் தெரியாது. அந்த மூன்று புள்ளியைப் பார்த்தவுடன் "அடுப்பு" என்றார்கள். மூன்று கல் வைத்து உலை ஏற்றுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். ஆய்தத்தின் வடிவைப் பழைய உரைகாரர்களும் அடுப்புக்கூட்டுக்குத்தான் ஒப்பிட்டார்கள். இலக்கணம் படிக்காமலே அவர்கள் சரியாகச் சொன்னார்கள்.

இனி மணல். 2022இல் நாடு கடனில் மூழ்கியபோது கடதாசியும் மூழ்கியது. அந்த மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே கடதாசி இல்லாமல் ஒத்திவைத்தார்கள். கொப்பி விலை ஏறிய ஏற்றத்தில், பிள்ளைகள் பழைய கொப்பியில் மிஞ்சிய கோடுகளைத் தேடி எழுதினார்கள். இரட்டைறூள் கொப்பி வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளைகளைப் பூவரச மர நிழலுக்குக் கூட்டிப்போய் மணலைத் தடவிச் சமப்படுத்தி, விரலால் எழுதச் சொன்னேன். இந்தக் கரையில் வேறு எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் மணலுக்கு வராது.

அந்த இரண்டு மூன்று மாதத்தில் என் வகுப்பு எழுதிய அளவுக்கு அதற்கு முந்திய எந்த ஆண்டிலும் எழுதியதில்லை. மணலில் ஓரக் கோடு இல்லை. கொம்புக்கு இடம் போதாவிட்டால் ஒரு சாண் தள்ளிப் போடலாம். பிழைத்தால் உள்ளங்கையால் ஒரு தடவல், தாளில் ஓட்டை விழாது. முழுக் கையையும் வீசி எழுதுவதால் கட்டி முடியாத மணிக்கட்டுக்கும் வேலை குறைவு. துடுப்புப் பிடித்தவனின் தம்பி அந்த வருடம் என்னிடம் படித்தான். தன் உயரத்துக்கு ஒரு 'அ' எழுதி, அதன் சுழிக்குள் உட்கார்ந்துகொண்டான்.

வருகை பார்க்க வந்த ஒருவருக்கு அது பிடிக்கவில்லை. "இந்தக் காலத்திலும் மண்ணில எழுத வைக்கிறீங்களே டீச்சர்" என்றார். அவருக்கு நான் அண்ட்ரூ பெல்லின் கதையைச் சொல்லவில்லை; இங்கே சொல்கிறேன். ஸ்கொட்லாந்துக்காரரான பெல் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், முந்திப் படித்தவன் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டார். தன் பள்ளியில் அதையே செய்து பார்த்து, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்று அதற்குப் பெயர். அங்கே ஏழைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் மணல் தட்டில் எழுதிப் படித்தார்கள். பிறகு மரியா மொண்டிசோரி அம்மையார் அரத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டி, பிள்ளை அதை விரலால் தடவிப் பழக வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர் 1944இல் கொழும்பிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மணல் அட்டையில் ஒட்டியிருந்தால் அது கல்வி முறை. தரையில் கிடந்தால் அதிகஷ்டப் பிரதேசம்.

இனி, "அப்ப எப்ப டீச்சர் எழுதுவான்?" என்ற கேள்வி.

பொறுங்கள், வருவான் என்பதுதான் என் நம்பிக்கை. படித்தவர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் இந்தக் கரையில் நின்று அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் இறங்கும். பொறு என்று சொல்வதற்கு, அடுத்த வருடமும் பள்ளிக்கூடம் அதே இடத்தில் இருக்கும் என்ற உறுதி வேண்டும். அந்தத் தாய்மாருக்கு யார் அந்த உறுதியைக் கொடுத்தார்கள்?

1978 நவம்பர் 23இல் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. 1990 ஜூனில் மறுபடியும் போர் மூண்டது. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. 2006இல் மீண்டும் எறிகணை. அந்த வருடம் நவம்பர் 8ஆம் தேதி கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஜனவரியில் இராணுவம் வாகரையைப் பிடிக்கும்போது மிஞ்சியிருந்தவர்கள் காட்டாலும் கடலோரத்தாலும் நடந்து வாழைச்சேனைப் பக்கத்து முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மீளக் குடியமர்த்தல் தொடங்கியது 2007இல். இந்தக் கரையில் பள்ளிக்கூடம் என்றால் ஆபத்து வரும்போது முதலில் ஓடிப்போகிற கட்டடம். கல்லால் கட்டியது அது ஒன்றுதான். அங்கே பிள்ளைகள் படிப்பதும் உண்டு.

நான் 2008இல் வந்தபோது என் வகுப்பில் ஐந்து வயதுக்காரர்களோடு எட்டு ஒன்பது வயதுக்காரர்களும் இருந்தார்கள். முகாமில் ஒரு மாதம், வேறொரு முகாமில் இரண்டு மாதம் என்று 'அ' விலிருந்து மூன்று தடவை தொடங்கியவர்கள். ஒருத்திக்கு 'ஊ' வரைக்கும் அழகாக எழுத வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. எங்கே போனாலும் முதலிலிருந்துதான் தொடங்கினார்களாம். 'எ' வருவதற்குள் இடம் மாறிவிட்டதாம். மணிக்கட்டு முதிரும்வரை காத்திருங்கள் என்று அவளுடைய தாயிடம் எப்படிச் சொல்வது? காத்திருப்பதும் ஒரு வசதிதான், பின்லாந்துக்காரர்களுக்கு வாய்த்திருப்பதுபோல. அடித்தாவது எழுத வையுங்கள் என்று வந்து நின்றவளை நான் அறியாதவள் என்று எண்ணியிருந்தேன். அவளுக்குத் தெரிந்த கணக்கு எனக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் திறந்திருக்கிற நாளுக்குள் பிள்ளை எழுதிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு.

நான் அடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எலும்புக் கதையைச் சொல்வதை விட்டேன். தரம் 1இல் முதல் தவணையிலேயே ஒரேயொரு சொல்லை மட்டும் எழுதப் பழக்கத் தொடங்கினேன்: பிள்ளையின் பெயர். மற்றதெல்லாம் மெதுவாக வரட்டும். எங்கே போய்ச் சேர்ந்தாலும் தன் பெயரை எழுதத் தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டது. பாடத்திட்டத்துக்கு அது முன்பின்னாக இருக்கலாம். துடுப்புப் பிடித்தவனிடம் சொல்ல அன்றைக்கு என்னிடம் இல்லாத காரணம் எனக்கு இப்படிக் கிடைத்தது.

இந்தப் பிரதேசத்தில் எழுதுகிறவர்களுக்கும் எழுதப்படுகிறவர்களுக்கும் நடுவில் நெடுநாளாக ஒரு மேசை கிடக்கிறது. 1911இல் செலிக்மன் தம்பதியர் இலங்கை வேடரைப் பற்றி எழுதிய பெரிய நூலில் கிழக்குக் கரையோர வேடருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்றைக்கும் வாகரைப் பள்ளிக்கூடங்களில் தமிழ்தான் பேசித் தமிழில்தான் எழுதப் பழகுகிறார்கள். அவர்களுடைய பாட்டன்மாரைப் பற்றி எழுதியது எல்லாம் மற்றவர்கள். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வந்த படிவங்களும் அப்படித்தான்: பெயர், குடும்பத்தில் எத்தனை பேர், இழந்தது என்ன. மேசைக்கு அப்பால் இருந்தவர் எழுதினார். இப்பால் நின்றவர் பெருவிரலை நீட்டினார். கேட்ட ஊர்ப்பெயரை எழுதியவர் தன் விருப்பப்படி எழுதினார். கேணியைக் கெணி என்று எழுதிய படிவங்களை நான் கண்டிருக்கிறேன். அவற்றில் அரச முத்திரை இருந்தது.

'ஊ'வோடு நின்றுபோனவளின் தாயைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். மகள் இரவில் குப்பி விளக்கில் வீட்டுவேலை எழுதும்போது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாளாம். மகள் நித்திரையான பிறகு அதே கொப்பியின் கடைசித் தாளில் தன் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது தெரிய வந்தது கொப்பி திருத்தும்போது. கடைசித் தாளில் பிள்ளையின் கையெழுத்து அல்லாத ஒரு கையெழுத்து, ஒரே பெயர், மேலிருந்து கீழ்வரை. அவளுடைய பெயரின் முதல் எழுத்தில் கொம்பு உண்டு. எல்லா வரியிலும் கொம்பை முதலில் போட்டு, அதன் பின்னால் மெய்யைப் போட்டிருந்தாள். ஒலியைக் கேட்டு எழுதவில்லை. படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறாள். அதனால் அவளுக்கு இடம் போதாமல் போகவில்லை. நான் அந்தத் தாளைத் திருத்தவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இடாப்பை நீட்டி, மைப் பெட்டியையும் வழக்கம்போல் பக்கத்தில் வைத்தோம். அவள் பெட்டியைத் தள்ளிவிட்டுப் பேனையைக் கேட்டாள். எழுதி முடிக்க நேரம் எடுத்தது. பின்னால் நின்றவர்கள் பொறுத்திருந்தார்கள்.

"சரியா டீச்சர்?"

ஒரு மெய்க்குப் புள்ளி இல்லை.

"சரி" என்றேன்.

பல வருடத்துக்குப் பிறகு அவளை வாழைச்சேனை பஸ்ஸில் கண்டேன். வங்கியில் காசு எடுத்துக்கொண்டு வருகிறாள். மகள் கலியாணம் முடித்து, ஒரு பிள்ளையும் முன்பள்ளிக்குப் போகிறதாம். இப்போதும் பெயர் எழுதுகிறீர்களா என்று கேட்டேன். பெருவிரலைக் காட்டினாள், மை இன்னும் காயவில்லை. கணக்குத் திறந்த நாளில் அவளுக்கு எழுதத் தெரியாது. புத்தகத்தில் பதிந்திருப்பது கைநாட்டு. கையெழுத்தாக மாற்ற வேண்டும் என்றால் அதற்கு ஒரு படிவம் இருக்கிறதாம். அதை இங்கிலிசில் நிரப்ப வேண்டுமாம்.